போடாத கூரைக்கு ஒரு நன்றி

போன மாதம் இருமலுக்கு மருந்து வாங்க எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"காலையில ஒரு அத்தியாயம், சாயங்காலம் ஒரு அத்தியாயம். ஆகாரத்துக்குப் பின்னால."

"இருமலுக்குங்களா?"

"இருமல் வெளியில தெரியறதுங்க ரைட்டரே. நோவு உள்ள இருக்குது. உங்களுக்கு நம்பிக்கை பத்தலை."

இருமல் மருந்து தீர்ந்துபோய் ஒரு வாரம் ஆகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாழ்க்கையை மாற்றும் புத்தகங்கள் என்றால் எங்கள் கம்பவுண்டருக்கு உயிர். சேலத்திலிருந்து மோட்டார் பஸ்ஸில் அவருக்கு மருந்துப் பெட்டி வருகிறதோ இல்லையோ, புத்தகக் கட்டு வந்துவிடும். விடியும் முன் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ஒன்று. பச்சைத் தண்ணீரில் குளித்தால் மாறும் என்று ஒன்று. காப்பியை விட்டால் மாறும் என்றுகூட ஒன்று — அதைக் காப்பி எஸ்டேட்டில் உட்கார்ந்து படித்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் அடுத்த திங்கட்கிழமை மாறிவிடுவார். எனக்குத் தெரிந்து பதினோரு தடவை மாறியிருக்கிறார். பதினோராவது தடவை மாறியபோது பழைய ஆளாகவே ஆகிவிட்டார்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அந்தப் புத்தகங்கள் பிடிக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கூட்டியாவது படித்து முடித்துவிடுவேன். பத்தாம் பக்கத்தில் ஒருவன் எல்லாவற்றையும் இழந்து ஆற்றங்கரையில் நிற்பான். யாரோ வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள். நாற்பதாம் பக்கத்தில் அவன் நாலு பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பான். புத்தகத்தை மூடினால் நான் அதே பழைய ஆள்தான். ஆனாலும் அந்த அரை மணி நேரம்... சும்மா சொல்லக் கூடாது.

ஒரே ஒரு குறை. அதில் மாறுகிறவர்கள் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. கூச்சப்படுகிறவன் மாறிய கதை ஒன்றுகூடக் கிடையாது. ஒருவேளை மாறியிருப்பான், வெளியில் சொல்லக் கூச்சப்பட்டிருப்பான்.

நான் கூச்சக்காரன். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களோடு இவ்வளவு பேசுகிறேனே என்று நம்பி, ஒரு வாசகர் ஒண்டிக்கடைச் சந்திப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களே அது?" என்றார். நான் சிரித்தேன். பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன். வேண்டாத ஒரு மூங்கில் கூடையை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். அந்த வாசகர் மன்னிக்க வேண்டும். கூடை நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு கூரைப் பிரச்சினை வந்தால் என்ன ஆகும்?

எஸ்டேட் எனக்குக் கொடுத்த வீட்டுக்குத் தகரக் கூரை. மூன்று மழைக்காலமாக ஏழு இடத்தில் ஒழுகுகிறது. என் மனைவி பழனியம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கி, அந்தப் பாத்திரத்தின் பேரையே வைத்துவிட்டாள். சொம்பு ஒழுக்கு, போசி ஒழுக்கு, குண்டா ஒழுக்கு. கட்டிலுக்கு நேர் மேலே இருப்பது அண்டா ஒழுக்கு.

புதுத் தகரம் எங்கே இருந்தது தெரியுமா? என் ஸ்டோரில்! நான்தான் ஸ்டோர் ரைட்டர். மண்வெட்டி, கவாத்துக் கத்தி, ஆணி, தகரம் எல்லாம் என் பொறுப்பு. சாவி என் இடுப்பில். ஆனால் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே நகராது. சீட்டுக்குத் துரையைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு வாய் வேண்டும்.

எனக்காக மாரப்ப மேஸ்திரி கேட்டார். ஆட்களை வேலைக்கு அழைத்துப்போகும் அவருக்கு மலை அதிரும் குரல். துரை, "ஆகட்டும்" என்றார்.

எங்கள் துரைக்கு ஆட்கள் வைத்திருக்கும் பேரே 'ஆகட்டும் துரை'தான். கெட்ட மனிதர் இல்லை. முடியாது என்று சொல்லி இதுவரை ஒருவரையும் நோகடித்ததில்லை. ஆகட்டும் என்று சொல்லி இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஆக வேண்டியதையெல்லாம் அதில் எழுதி வைப்பார். மூன்று வருஷமாக என் கூரையும் அதில் இருந்தது. ஈரக்காற்றில் எழுத்து மங்கும்போது, துரை இல்லாத நேரம் பார்த்து நானே சாக்பீஸால் மேலே எழுதி உயிர் கொடுப்பேன்.

இந்த வருஷம் அவசரம் வந்தது. மகள் சரசுவுக்குத் தலைப்பிரசவம். ஆனி பிறந்ததும் அவள் மாமியார் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து விடுவதாகப் பேச்சு. ஆனால் அந்தச் சம்பந்தியம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்: "மலை மேல மழையும் குளிருமுங்க. ஊட்டைப் பார்ப்பேன். ஒழுகுச்சுன்னா மருமகளைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன்."

பழனியம்மா அன்றிலிருந்து கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்த நேரத்தில்தான் புத்தகம் வந்தது. ஐந்தாம் அத்தியாயம் என்ன சொல்கிறது? 'வேண்டும் என்று கேட்காதே. கிடைத்துவிட்டது என்று நம்பு. நம்பி, நன்றி சொல். மீதி தானாக நடக்கும்.'

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேட்கவே வேண்டாமாமே! எனக்கென்றே எழுதியது அல்லவா?

"யாருக்குங்க நன்றி சொல்றது?" என்று கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"யார் தரணுமோ அவருக்கு."

பழனியம்மாவிடம் சொன்னேன். "ஏனுங்க, சேர்வராயன் சாமிக்கே வேண்டுதல் நடந்தப்புறம்தான் பொங்கல் வெக்கறோம். இந்தத் துரைக்கு நடக்கறதுக்கு முன்னாலயே பொங்கலுங்களா?" என்றாள். நம்பிக்கை பத்தாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஸ்டோரில் சாக்கு மூட்டைகளுக்கு முன்னால் நின்று நன்றி சொல்லிப் பழகினேன். மூட்டைகள் நன்றாகக் கேட்டுக்கொண்டன. சனிக்கிழமை காலை ஆபீஸுக்குள் போனேன்.

"நன்றிங்க துரை."

"எதுக்கு?"

"கூரைக்குங்க."

துரை என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சீட்டில் கையெழுத்துப் போட்டது அவருக்கு ஞாபகம் வரவில்லை. போடாததும் ஞாபகம் வரவில்லை.

"கூரை... போட்டாச்சா?"

புத்தகப்படி நான் என்ன சொல்ல வேண்டும்?

"போட்டாச்சுங்க துரை. நொம்ப நல்லா இருக்குதுங்க."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நான் எப்படிச் சொல்வேன்! அந்த எஸ்டேட்டில் அவருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நன்றி சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை; அது வேறு விஷயம். துரை எழுந்தார். சாக்பீஸை எடுத்தார். பலகையில் என் கூரையின் மேல் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு கோடு போட்டார்.

நான் உயிர் கொடுத்து வளர்த்த எழுத்து. என் கண் முன்னால் போய்விட்டது.

கம்பவுண்டரிடம் ஓடினேன். அவர் துள்ளிக் குதித்தார். "அருமைங்க! முடிஞ்சுதுன்னே துரை எழுதிட்டாருன்னா, இனி முடியறது மட்டுந்தானுங்களே பாக்கி!"

கோடு விழுந்ததை மாரப்ப மேஸ்திரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். கோடு என்றால் காரியம் ஜெயம் என்று அவர் எடுத்துக்கொண்டார். "என்னுங்க ரைட்டரே, மூணு வருசமாக் கேட்டுக் கேட்டு என்ற வாய்தான் வலிச்சுது. நீங்க ஒரே ஒரு நன்றிதான் சொன்னீங்க, முடிச்சுப்புட்டீங்களே!"

அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் ஒரே வரிசை. மேஸ்திரி ஓடைக்குப் பாலம் போட்டதற்கு நன்றி சொன்னார். ஓடையில் பாலம் கிடையாது. காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் கம்பளிக்கு நன்றி சொன்னார்கள். சொல்லும்போதே ஒருத்தி குளிரில் நடுங்கினாள். குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் போட்டதற்கு, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு அம்மா நன்றி சொன்னார். மாரமங்கலத்திலிருந்து பலாப்பழம் விற்க வந்த விவசாயி ஒருவர், எஸ்டேட் குதிரை தன் சாமைக் காட்டுக்குள் வராதபடி வேலி போட்டதற்கு நன்றி சொன்னார். அவர் எங்கள் எஸ்டேட் ஆளே இல்லை. வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

துரை கோடு போட்டுக்கொண்டே இருந்தார். சாக்பீஸ் தேய்ந்து விரல் நகம் பலகையில் கிரீச்சிட்டது. மத்தியானத்துக்குள் பலகை காலி! மூன்று வருஷ வேலை ஒரே காலையில் முடிந்துவிட்டது. துரை சீட்டியடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். இத்தனை நல்லது செய்தும் அவருக்கு அலுப்பே தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்த நல்லதை யாருக்காவது காட்ட வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றுமா, தோன்றாதா? பக்கத்து எஸ்டேட் துரைசானியை அழைத்திருந்தார். வியாழக்கிழமை காலை சுற்றிக் காட்டப் போகிறாராம். எதிலிருந்து ஆரம்பம்? ஸ்டோர் ரைட்டர் வீட்டுக் கூரையிலிருந்து.

சம்பந்தியம்மா வந்து இறங்கியதும் அதே வியாழக்கிழமைதான்.

காலை பஸ்ஸில் சரசுவோடு வந்தார். நல்ல உயரம், கனமான குரல், கையில் ஒரு கூடை முருங்கைக்காய். வானம் பளிச்சென்று இருந்தது. பழனியம்மா பாத்திரங்களையெல்லாம் அடுக்களையில் மறைத்திருந்தாள். சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ஒழுகாதுங்களே?"

"ஒழுகாதுங்க" என்றேன். சரசு என்னைப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது வாசலில் துரை. பின்னால் குடையோடு துரைசானி. அவர்களுக்குப் பின்னால் எஸ்டேட் ஆசாரி, தலையில் புத்தம் புதிய சரிகைத் தலைப்பாகை. கூரையை நன்றாகப் போட்டதற்காகத் துரை கொடுத்த வெகுமதி. ஆசாரி முகத்தில் ஈயாடவில்லை. எதற்கு என்று தெரியாமலே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது கூரை" என்று துரை பெருமையாகக் கையை உயர்த்திக் காட்டினார்.

சொல்லி வைத்ததுபோல் இடி இடித்தது. எங்கள் மலையில் மழை எங்கிருந்து வரும் என்று யாரும் பார்த்ததில்லை, வந்தபிறகுதான் தெரியும். தகரத்தில் கல்லைக் கொட்டியதுபோல் சத்தம்.

பழனியம்மா எல்லாவற்றையும் மறந்தாள். மூன்று வருஷப் பழக்கம். அடுக்களையிலிருந்து பாத்திரங்களோடு பாய்ந்து வந்தாள். மேலே பார்க்கவே இல்லை. சொம்பை ஒரு மூலையில் வைத்தாள், போசியை ஜன்னல் ஓரம் வைத்தாள், துரையின் இரண்டு காலுக்கும் நடுவில் குண்டாவை வைத்தாள். கடைசியாக, "கொஞ்சம் நகருங்க அண்ணி" என்று சம்பந்தியம்மாவை எழுப்பிவிட்டுக் கட்டில் மேல் அண்டாவை வைத்தாள். வைத்து முடித்த பிறகுதான் முதல் சொட்டு விழுந்தது. ஏழு சொட்டும் ஏழு பாத்திரத்தில், குறி தப்பாமல்.

துரைசானி சத்தமில்லாமல் வீட்டுக்குள் குடையை விரித்தார்.

துரையின் முகம் செம்பழமாகச் சிவந்தது. "ஆசாரி! என்ன வேலை இது?"

ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "நான் இந்தக் கூரை மேல ஏறவே இல்லீங்க துரை!"

"அது தெரியுது!" என்று துரை கத்தினார். "நாளையிலிருந்து வேலைக்கு வராதே. வேற ஆள் வந்து திருப்பிப் போடட்டும். நாளைக்கே!"

கேட்டீர்களா? நாளைக்கே கூரை! நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். கூரை வரும், சம்பந்தியம்மா சமாதானமாவார், சரசு இங்கேயே இருப்பாள். புத்தகம் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. மீதி தானாக நடக்கும்... அந்த மீதியில் ஆசாரிக்கு வேலை போகும் என்று மட்டும் ஐந்தாம் அத்தியாயத்தில் இல்லை.

ஆசாரி தலைப்பாகையைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு குழந்தைக்காரர். அவர் துரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"துரை..." என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. "அவர் மேல தப்பில்லைங்க. கூரை போடவே இல்லைங்க. தகரம் இன்னும் என் ஸ்டோர்லதான் இருக்குதுங்க. நான் சொன்னது பொய்யுங்க."

துரையிடம் என் ஆயுளில் நான் பேசிய நீளமான பேச்சு அது.

"அப்ப எதுக்கு நன்றி சொன்னே?"

என் பேச்சுக் கையிருப்பு அவ்வளவுதான். பழனியம்மாதான் பதில் சொன்னாள்: "பொஸ்தகத்துல போட்டிருந்துதுங்க துரை."

துரைசானி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். துரை என்னவோ சொன்னார். குடை குலுங்கக் குலுங்கத் துரைசானி சிரித்தார். துரை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. அவர் கோபமெல்லாம் அதில் கரைந்ததுபோல் குரல் இறங்கிவிட்டது.

"ஆசாரி இருக்கட்டும். கூரை... ஆகட்டும்."

நாங்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில், "சரிங்க துரை" என்று தலையை ஆட்டினோம். அவரும் திரும்பினார். இன்னும் மூன்று வருஷத்துக்கு விஷயம் முடிந்தது.

"எப்போங்க?"

சம்பந்தியம்மா.

துரைசானிகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த எஸ்டேட்டில் ஆகட்டும் என்ற பிறகு அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது. மாரப்ப மேஸ்திரியின் மலையதிரும் குரலில்கூட அந்த வார்த்தை இருந்ததில்லை.

துரை திகைத்து என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

"நாளைக்கு" என்றார்.

"நாளைக்கு எப்போங்க?"

"...காலையில."

"அப்ப அந்தச் சீட்டை இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. எங்க சம்பந்தி சீட்டு இல்லாம அவரு ஊட்டுக்கே ஆணி குடுக்க மாட்டாருங்களாமா. ரெண்டு நாள் இருந்து பார்த்துட்டுத்தான் நான் மலை இறங்குவேன்."

எழுத உலர்ந்த இடம் ஒன்றுமில்லை. ஆசாரி தானாகவே திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தார். சற்று முன் வேலையை விட்டு நிறுத்திய ஆளின் முதுகில் வைத்துத் துரை சீட்டு எழுதினார். மறுநாள் காலை அதை நான் ஸ்டோருக்கு எடுத்துப் போய், என்னிடமே கொடுத்து, சரிபார்த்து, தகரத்தை எனக்கு வழங்கினேன். சாயங்காலத்துக்குள் ஆசாரி போட்டு முடித்துவிட்டார். சொன்னபடி சம்பந்தியம்மா இரண்டு நாள் இருந்தார். அந்த இரண்டு நாளும் பெய்த மழையில் ஒரு சொட்டு விழவில்லை. "கண்ணு, பதனமா இரு" என்று சரசுவின் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ் ஏறினார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் என்கிறாள் மருத்துவச்சி. மழை பிடித்தால் பழனியம்மா இன்னமும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போகிறாள்.

புத்தகம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றி சொன்னேன், கூரை வந்தது. நடுவில் நடந்ததைத்தான் எழுதாமல் விட்டுவிட்டார்கள். எந்தப் புத்தகம்தான் நடுவில் நடப்பதை எழுதுகிறது? பத்தாம் பக்கமும் நாற்பதாம் பக்கமும்தான் அவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது.

கதை இங்கே முடியவில்லை. அந்த 'எப்போங்க' எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் மறுபடியும் வரிசை. "பாலம் எப்போங்க துரை?" "கம்பளி எப்போங்க?" "குழாய் எப்போங்க?" மாரமங்கலத்து விவசாயி பலாப்பழம் இல்லாமலே வந்திருந்தார். துரை பலகையில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். எழுதி முடிக்கும்போது அவருக்குப் பொறுக்க முடியாத தலைவலி.

தலைவலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆமாம். நீங்கள் நினைப்பது சரி. தலைவலி மருந்தும் தீர்ந்துபோயிருந்தது. துரைக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் கம்பவுண்டரே பங்களாவுக்குப் போய்ப் படித்துக் காட்டினார். காலையில் ஒரு அத்தியாயம், சாயங்காலம் ஒரு அத்தியாயம். ஆகாரத்துக்குப் பின்னால்.

மூன்றாம் நாள் ஐந்தாம் அத்தியாயம் வந்திருக்க வேண்டும். நேற்றுக் காலை ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடத்துக்குத் துரை வந்தார். முகத்தில் அதே பழைய வெளிச்சம். எங்கள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"மேல்காட்டுல களையெல்லாம் எடுத்து முடிச்சதுக்கு நன்றி. ஓடைக்குப் பாலத்தை நீங்களே போட்டுக்கிட்டதுக்கு நொம்ப நன்றி."

மேல்காட்டில் இன்னும் யாரும் கால்கூட வைக்கவில்லை. பாலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாரப்ப மேஸ்திரி தலைமுண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழாத குறையாகக் கும்பிட்டுச் சொன்னார்:

"ஆகட்டுங்க துரை."

பாவம், 'எப்போ?' என்று கேட்கத் துரைக்கு ஒரு சம்பந்தியம்மா இல்லை.